அகலத் திரையில் முகங்கள் விரிந்துபோனால்: மூன்று நாள் செய்து பார்த்தது

ஆயுத பூஜை விடுமுறைக்கு மன்னார்குடி வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் பழைய 21 அங்குலப் பொட்டி டிவியை எடுத்துவிட்டு, 43 அங்குலப் புது டிவி வாங்கியிருந்தார்கள். பையைக் கீழே வைக்கும்போதே கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிற பெண்ணின் முகம் இரு பக்கமும் இழுத்துப் பிடித்ததுபோல் விரிந்திருந்தது. பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் முட்டை வடிவத்தில் இருந்தது.

"புது டிவியில எல்லாரும் கொஞ்சம் குண்டாத்தான் தெரிவாங்களாம். மாட்டிக் கொடுத்த தம்பி சொல்லிட்டுப் போச்சு" என்றார் அம்மா. அப்பாவின் குறை வேறு. "கீழ ஓடுற செய்தியைப் படிக்கவே முடியலப்பா. பாதி எழுத்து வெட்டுப்படுது. சில சேனல்ல ஆளுங்க தலையே இல்ல."

ஒரு மாதமாக இப்படியேதான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பழகிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை இது. மூன்று நாள் கையில் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். இதே தொல்லை பல வீடுகளில் இருக்கிறது என்பதால், செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கண்ணை நம்பாமல் அளந்துவிடுவது என்று அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டேன். திரை மட்டும் 94 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். சாதாரண சேனல் ஒன்றை வைத்தேன். மூலையில் அதன் லோகோ வட்டமாக இருக்க வேண்டும். உயரம் 6 செ.மீ., அகலம் 8 செ.மீ. அதாவது மூன்றுக்கு நான்கு. இந்தக் கணக்கு வந்தவுடனே பாதி விடை கிடைத்துவிட்டது. பழைய டிவியின் வடிவம் 4:3, அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று. புது டிவியின் வடிவம் 16:9. முதலாவதை இரண்டாவதன் அளவுக்குப் பக்கவாட்டில் இழுத்தால், எல்லாமே சரியாக மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடும். லோகோவும் அப்படித்தான் கூடியிருந்தது, பாடுகிறவரின் முகமும் அப்படித்தான்.

சரி, சாதாரண சேனல் அப்படி வருகிறது, எச்டி சேனல் எப்படி என்று மாற்றிப் பார்த்தேன். எச்டி சேனல் 16:9 வடிவத்திலேயே வருவது, அது திரையில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஆனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் படம், அதிலும் ஆட்கள் குண்டு. படத்தின் உயரத்தை அளந்தால் 40 செ.மீ.தான் இருந்தது. இது டிவி மட்டும் செய்கிற வேலை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

படம் நம் கண்ணுக்கு வருவதற்குள் மூன்று கை மாறுகிறது. சேனல் ஒரு வடிவத்தில் அனுப்புகிறது. செட்டாப் பாக்ஸ் அதை வாங்கி, தன் அமைப்பில் உள்ளபடி மாற்றி டிவிக்குக் கொடுக்கிறது. டிவி அதை இன்னொரு முறை தன் அமைப்பின்படி மாற்றித் திரையில் போடுகிறது. இவற்றில் யார் இழுக்கிறார்கள், யார் வெட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் டிவி ரிமோட்டை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தால் விடியாது.

டிவியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாக்ஸிலிருந்து வருவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனையுள்ள பழைய ஏவி ஒயர். பொட்டி டிவிக்குப் போட்டிருந்த அதே ஒயரைக் கழற்றி இதிலும் சொருகிவிட்டார்கள். பாக்ஸ் எச்டி பாக்ஸ்தான், எச்டிஎம்ஐ துளை இருக்கிறது. அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட யாரும் உரிக்கவில்லை. அந்த மஞ்சள் ஒயர் வழியாக எச்டி போகவே போகாது. நம் ஊர் 'பால்' (PAL) என்ற பழைய ஒளிபரப்பு முறையில் 576 வரிகள்தான் அதில் வரும்.

அப்புறம் பாக்ஸின் மெனுவைத் திறந்தேன். படத்தின் வடிவம் என்ற இடத்தில் '4:3 லெட்டர்பாக்ஸ்' என்று இருந்தது. பழைய டிவிக்கு அது சரியான அமைப்புதான். அகலமான படத்தை 4:3 பெட்டிக்குள் சுருக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டுக் கொடுக்கும். பெட்டி மாறிய பிறகும் பாக்ஸ் அதையே செய்துகொண்டிருந்தது. 576 வரியில் பட்டைகளுக்குப் போனது போகப் படத்துக்கு மிஞ்சுவது 432 வரி. அதை வாங்கிய புது டிவி, 'முழுத் திரை' என்ற அமைப்பில் இருந்ததால் பக்கவாட்டில் இழுத்தது. ஆக, எச்டி சேனலுக்குப் பணம் கட்டியும் பார்த்தது 432 வரியில் ஓர் இழுபட்ட படம்.

அப்பா சொன்ன 'தலையே இல்ல' என்பதும் இதில்தான் அடங்கியிருந்தது. குண்டாகத் தெரிகிறதே என்று அவர் டிவி ரிமோட்டில் ஜூம் பட்டனை அமுக்கியிருக்கிறார். ஜூம் செய்வது என்னவென்றால், 4:3 படத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கி அகலத்தை நிரப்பும், மேலும் கீழும் வெளியே தள்ளிவிடும். எச்டி சேனலில் வெளியே போனது வெறும் கறுப்புப் பட்டை, அதனால் முகம் சரியாகிவிட்டது, அப்பாவுக்கும் நிம்மதி. ஆனால் பழைய படம் ஓடும் சேனலுக்கு மாற்றினால் அங்கே பட்டை கிடையாது. உயரத்தில் கால் பங்கு, அதாவது மேலே எட்டில் ஒன்று, கீழே எட்டில் ஒன்று, நேராகப் படத்திலிருந்தே போய்விடும். மேலே தலை, கீழே ஓடும் செய்தி. அவர் அமுக்கியது தவறான பட்டன் இல்லை. ஒரு சேனலுக்குச் சரியானது மற்றதற்கு ஒத்துவரவில்லை.

அன்று மாலை கடைத்தெருவுக்குப் போய் ஒன்றரை மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிவந்தேன். பாக்ஸையும் டிவியையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டினேன். பாக்ஸ் மெனுவில் வடிவம் 16:9, வெளியீடு '1080i', அதாவது 1080 வரி. டிவியில் படத்தின் அளவு 16:9. எச்டி சேனல் கண்ணாடி துடைத்ததுபோல் வந்துவிட்டது. செய்தி வாசிப்பவரின் காதில் கம்மல் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது என்று அம்மா எழுந்து கிட்டே வந்து பார்த்தார்.

சாதாரண சேனலுக்கு மாற்றினேன். லோகோ மறுபடியும் 6க்கு 8.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் தடுமாறினேன். பழக்க தோஷத்தில் டிவியில் 4:3 என்று மாற்றினேன். பழைய படம் சரியாகிவிட்டது, ஆனால் எச்டி சேனல் நெட்டையாக, ஒல்லியாக மாறியது. காரணம் யோசித்தால் எளிது. எச்டிஎம்ஐ வழியாக 1080i போகும்போது, பாக்ஸ் எப்போதும் 1920க்கு 1080 புள்ளி (பிக்சல்) என்ற அகலச் சட்டத்தைத்தான் அனுப்பும். உள்ளே இருப்பது பழைய படமா புதிய படமா என்று டிவிக்குத் தெரியாது. டிவி அளவுக்கு அது எப்போதும் 16:9. அதனால் டிவியை 16:9இல் நிலையாக வைத்துவிட்டு, வடிவம் பார்க்கிற வேலையைப் பாக்ஸிடமே விட வேண்டும். மறுபடியும் பாக்ஸ் மெனுவுக்குள் போனேன். வடிவத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, முதலில் கவனிக்கவில்லை. அதில் 'ஃபுல்', 'பில்லர்பாக்ஸ்', 'ஜூம்' என்று மூன்று. ஃபுல்லில் இருந்ததைப் பில்லர்பாக்ஸுக்கு மாற்றினேன். லோகோ 6க்கு 6. சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் வட்டமாகிவிட்டன. இந்த இரண்டாவது வரிக்குப் பாக்ஸுக்குப் பாக்ஸ் பெயர் மாறும். வடிவத்தை மாற்றிய பிறகும் முகம் விரிந்தே இருந்தால், இப்படி ஒரு வரி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இப்போது பழைய படத்துக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 12 செ.மீ. கறுப்புப் பட்டை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "இவ்வளவு பெரிய டிவி வாங்கி, ரெண்டு பக்கமும் சும்மா கிடக்கே?"

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும், நியாயமான கேள்விதான். செய்தித்தாளை எடுத்து, பழைய டிவியின் திரை அளவுக்கு, 41க்கு 31 செ.மீ., வெட்டினேன். அதைத் திரையில் ஓடும் பழைய படத்தின் மேல் பிடித்துக் காட்டினேன். பட்டை போக மிஞ்சிய படம் 70 செ.மீ.க்குச் சற்று மேல் அகலம், 53 உயரம். பரப்பில் அந்தத் தாளைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பட்டையோடு பார்த்தாலும் பழைய டிவியைவிட மூன்று மடங்கு பெரிய படத்தைத்தான் பார்க்கிறார். தாளைத் தானே வாங்கி, இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு அப்பா சும்மா இருந்துவிட்டார்.

திரையின் வடிவமே ஒரு சமாதானத்தில் பிறந்ததுதான். 1980களில் அமெரிக்காவில் எஸ்எம்பிடிஇ என்ற திரை, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தில் இருந்த கெர்ன்ஸ் பவர்ஸ், அன்று புழக்கத்தில் இருந்த பட வடிவங்களை எல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் சட்டம் 16:9க்குப் பக்கத்தில் வந்தது. ஒரு முனையில் 4:3, மறுமுனையில் சினிமாஸ்கோப், இரண்டுக்கும் நடுவில் இது. அதனால் பழைய படத்துக்குப் பக்கத்தில் பட்டை வரும், ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் பட்டை வரும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தவர்கள் அந்தச் சதுரத்துக்குப் பக்கமான சட்டத்தைக் கண்ணில் வைத்துத்தான் ஆட்களை நிறுத்தினார்கள். அதை இழுப்பதும் வெட்டுவதும் அவர்கள் நிறுத்திய இடத்தைக் கலைப்பதுதான். இந்த 43 அங்குலத்தில், உயரத்தைப் போல் 2.35 மடங்கு அகலமுள்ள ஸ்கோப் படம் 40 செ.மீ. உயரத்துக்கு வரும், மேலும் கீழும் ஆறரை செ.மீ. பட்டை. அது குறை இல்லை, படம் முழுசாக வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இரண்டாவது நாள் காலையில் அப்பா பேப்பரை வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பினார். "எல்லாம் சரி, ஆனா எழுத்து இன்னும் வெட்டுதுப்பா."

கிட்டே போய்ப் பார்த்தேன். கீழே ஓடும் செய்தியில் எழுத்துகளின் மேல்பாகம் முழுசாக இருந்தது. அடிதான் இல்லை. ஆங்கில எழுத்தில் அடி கொஞ்சம் போனாலும் பெரும்பாலும் படித்துவிடலாம். தமிழில் அப்படி இல்லை, பல எழுத்துகளில் உகரக் குறி அடியில்தான் இருக்கிறது. 'து' கால் போனால் 'த' ஆகிவிடுகிறது, 'மு' எது 'ம' எது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. 74 வயது கண்ணுக்கு ஓடும் எழுத்தில் இது எத்தனை சிரமம்.

இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். பொட்டி டிவி காலத்து வழக்கம். அந்தக் குழாய்களில் படத்தின் ஓரம் நேராக நிற்காது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டு வோல்டேஜ் இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்குமே, எங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஓரம் தெரியக்கூடாது என்பதற்காகப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்து டிவிகளைச் செய்தார்கள். தட்டைத் திரையில் அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் பல டிவிகள் வாங்கும்போதே அந்த வழக்கத்தோடுதான் வருகின்றன.

எவ்வளவு வெட்டுகிறது என்று தெரிந்துகொள்ள மடிக்கணினியில் 1920க்கு 1080 அளவில் ஒரு படம் வரைந்தேன். ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பத்துப் பத்துப் புள்ளிக்கு ஒரு கோடு, கோட்டுக்குக் கோடு எண், நடுவில் ஒரு பெரிய வட்டம். பென் டிரைவில் போட்டு டிவியில் சொருகினேன். எல்லாக் கோடும் தெரிந்தது. டிவி எதையும் வெட்டவில்லை, சேனல்தான் அப்படி அனுப்புகிறது என்று முடிவு கட்டி, அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அது தப்பு. பென் டிரைவில் உள்ள புகைப்படத்தை டிவி வேறு வழியில் காட்டுகிறது, அங்கே ஓவர்ஸ்கேன் கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து உறைத்தது. பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றி, அதே கேபிளில், அதே எச்டிஎம்ஐ துளையில் மடிக்கணினியை மாட்டி, அதே படத்தை முழுத் திரையில் வைத்தேன். இடப்பக்கம் 10, 20, 30, 40 என்ற நாலு கோடும் காணோம். மேலே 10, 20 இல்லை. கணக்குப் போட்டால் பக்கத்துக்கு 48 புள்ளி, மேலும் கீழும் 27 வரி. ஒவ்வோர் ஓரத்திலும் இரண்டரை சதவீதம். 27 வரி என்பது இந்தத் திரையில் ஒன்றே கால் செ.மீ.க்கும் கொஞ்சம் மேல். செய்தி எழுத்தின் அடி போனது அங்கேதான்.

வெட்டுவதோடு போகவில்லை. மிஞ்சிய 1824க்கு 1026 புள்ளிகளை மறுபடியும் 1920க்கு 1080 ஆக விரிக்கிறது. ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் உட்காராமல் பக்கத்துப் புள்ளியோடு கலந்து, கோடுகள் மங்கிவிடும். என் படத்தில் மெல்லிய கோடுகள் சில கறுப்பாகவும் சில சாம்பலாகவும் தெரிந்தது அதனால்தான்.

நிறுத்துகிற இடம் டிவியின் பட அளவு மெனுவிலேயே இருக்கும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'டிஸ்ப்ளே ஏரியா' என்ற தலைப்பில் 'ஃபுல் பிக்சல்' என்று பார்க்கலாம். சில டிவிகளில் நேரடியாக 'ஓவர்ஸ்கேன்' என்றே இருக்கும், அதை ஆஃப் செய்தால் போதும். வீட்டு டிவியில் அந்த வரி மங்கலாக, அமுக்க முடியாமல் இருந்தது. பட அளவு 'ஆட்டோ'வுக்கு எப்படியோ மாறியிருந்ததுதான் காரணம். அதை 16:9 என்று மறுபடி வைத்ததும் வரி உயிர் பெற்றது. ஆஃப் செய்தேன். 10ஆம் கோடுவரை எல்லாம் வந்துவிட்டது, எல்லாக் கோடும் ஒரே கறுப்பு. டேப்பை வைத்து வட்டத்தையும் அளந்துகொண்டேன்.

இந்த அமைப்பை டிவி ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்கிறது. எச்டிஎம்ஐ ஒன்றில் சரிசெய்தால் இரண்டில் பழையபடிதான் இருக்கும். மடிக்கணினியை இரண்டில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பாக்ஸும் சரியாகிவிட்டது என்று நம்பிவிட வேண்டாம். ஓவர்ஸ்கேனை நிறுத்தியதும் ஒன்றிரண்டு சாதாரண சேனல்களில் உச்சியில் வெள்ளையாக ஒரு விட்டு விட்டு ஓடும் கோடு தெரியலாம். பழைய ஒளிபரப்பு முறையில் படத்துக்கு மேலே தகவல்கள் போகும் வரி அது. டிவி கெட்டுப்போகவில்லை. அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறம். கடையில் வரிசையாக நிற்கும்போது கண்ணைப் பிடிக்க வேண்டும் என்று வைக்கிற 'விவிட்' அமைப்பிலேயே வீட்டிலும் இருந்தது. வாழையிலை மின்னும் பச்சை, முகமெல்லாம் செங்கல் நிறம். 'சினிமா' அமைப்புக்கு மாற்றினால் முதலில் எல்லாமே மஞ்சள் தட்டியதுபோல் தெரியும். ஒரு மாதம் நீல வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். இரண்டு நாள் பொறுத்தால் வெள்ளை வேட்டி வெள்ளையாகத்தான் தெரியும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். பகலில் கூடத்து ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழுவதால் பின்னொளியை மட்டும் கூட்டி வைத்தேன், ராத்திரிக்குக் குறைத்துக்கொள்ளலாம். பிரைட்னஸ் என்பது பெரும்பாலான டிவிகளில் வெளிச்சம் இல்லை, கறுப்பின் அளவு. இருட்டுக் காட்சியில் கறுத்த தலைமுடி, பின்னால் உள்ள கறுப்புக் கதவோடு ஒட்டிப்போகாமல், இழை இழையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினால் சரி.

ஷார்ப்னஸ்தான் பலரும் தவறாக வைத்திருப்பது. கூட்டினால் படம் தெளிவாகும் என்று தோன்றும். ஓடும் செய்தியில் ஒரு 'ழ'வைக் கிட்டே போய்ப் பாருங்கள். 50இல் இருந்தபோது ஒவ்வொரு வளைவையும் ஒட்டி வெளியே வெள்ளையாக ஒரு நிழல் கோடு. அந்தக் கோடு படத்தில் இல்லாதது, டிவி தானே போடுவது. ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். 10இல் அது மறைந்தது, எழுத்து எழுத்தாக நின்றது. முகத்தில் தெரிந்த சொரசொரப்பும் கூடவே போய்விட்டது. படத்தின் அசைவை மிருதுவாக்கும் அமைப்பையும் அணைத்துவிட்டேன். வினாடிக்கு 24 சட்டமாக எடுத்த சினிமாவுக்கு நடுவில் இல்லாத சட்டங்களை நுழைத்து, அது படத்தைச் சீரியல்போல ஆக்கிவிடுகிறது.

எல்லாம் முடிந்தும் சரிசெய்ய முடியாதவை சில மிஞ்சின. ஒரு பாட்டுச் சேனல் பழைய பாடல்களைத் தானே இழுத்து அகலமாக்கித்தான் அனுப்புகிறது. அங்கே பாக்ஸ் என்ன செய்தும் பலன் இல்லை. அந்தச் சேனலுக்கு மட்டும் டிவி ரிமோட்டில் 4:3 அமுக்க வேண்டும், மாற்றும்போது திரும்ப 16:9. இன்னொரு சேனல் அகலப் படத்தை 4:3க்குள் சுருக்கி அனுப்புகிறது. அது நாலு பக்கமும் பட்டையோடு 70க்கு 40 செ.மீ. அளவில் நடுவில் நிற்கிறது. அங்கே ஜூம்தான் சரி. இந்த இரண்டையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, டிவிக்குக் கீழே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். மேலே சிவப்பு மையில்: 'குழம்பினால் டிவி 16:9.' பாக்ஸ், டிவி இரண்டின் எல்லா எண்களும் அட்டையின் கீழ்ப்பாதியில். மின்சாரம் போய் வந்து எல்லாம் முதல் நிலைக்குத் திரும்பினால் யாராவது பார்த்து வைத்துவிடலாம்.

மூன்றாவது நாள் அம்மா பீரோவிலிருந்து ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தார். சித்தியின் கல்யாண வீடியோ. 1991இல் விஎச்எஸ் கேசட்டில் எடுத்தது, பிறகு டிவிடியானது, அதையும் ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் மாற்றி வைத்திருக்கிறார்கள். பொட்டி டிவியில் பென் டிரைவ் போட முடியாது, டிவிடி பிளேயரும் கெட்டுப்போய்ப் பல வருஷம். அம்மா அதைப் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது.

போட்டோம். இரு பக்கமும் பட்டையோடு வந்தது, இழுபடவில்லை, நான் திருப்தியாக உட்கார்ந்திருந்தேன். பந்தல்கால் தாண்டி, நாயனக்காரர்களைத் தாண்டி, மணவறைப் பக்கம் கேமரா திரும்பியது. மஞ்சள் புடவையில் பாட்டி, அம்மாவின் அம்மா, யாரையோ கைகாட்டி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய் பதினாலு வருஷம்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "எங்கம்மா முகம் இவ்வளவு ஒடுக்கமா இருக்காதே."

வயசான காலத்து முகம்தான் நினைவில் இருக்கும் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் டேப்பை எடுத்தேன். பட்டை போக, படத்தின் அகலம் 66 செ.மீ. நேற்று அளந்த பழைய படம் 70க்கு மேல். கொஞ்சம் பின்னால் ஓட்டினேன். தவிலின் வலந்தலை நேருக்கு நேர் தெரிகிற ஓர் இடம் இருந்தது, அங்கே நிறுத்தினேன். உயரம் 20, அகலம் 18¾. வட்டம் நெட்டுக்குத்தாக ஒடுங்கியிருந்தது.

காரணம் 720, 576 என்ற இரண்டு எண்களில் இருக்கிறது. பால் (PAL) முறை டிவிடி படம் 720க்கு 576 புள்ளி. அப்படியே சதுரப் புள்ளிகளாகப் போட்டால் 5:4 வடிவம் வரும். டிவிடியில் 'இதை 4:3 ஆக விரித்துக் காட்டு' என்று ஒரு குறிப்பு சேர்ந்தே இருக்கும், பிளேயர் அதைப் படித்து விரிக்கும். பென் டிரைவுக்கு மாற்றியபோது படம் வந்துவிட்டது, குறிப்பு தொலைந்துவிட்டது. அதனால் எல்லாரும் ஆறு சதவீதம் ஒல்லி. ஆறு சதவீதம் என்பது டேப் வைத்தால்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு டேப் தேவைப்படவில்லை.

முதலில் மடிக்கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போட்டு, வடிவத்தை 4:3 என்று மாற்றிப் பார்த்தேன். வலந்தலை வட்டமானது. ஆனால் விஎல்சி மாற்றுவது அப்போதைக்கு மட்டும்தான், கோப்பு அப்படியே இருக்கும். அதனால் எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோவின் குணங்களில் வடிவ விகிதம் 4:3 என்று எழுதிப் புதுக் கோப்பாகச் சேமித்தேன். படத்தை மறுபடி சுருக்குவதில்லை, குறிப்பை மட்டும் சேர்க்கிறது. அதனால் தரம் ஒரு துளியும் குறையாது, மூன்று மணி நேர வீடியோவுக்குச் சில நிமிடம்தான் ஆனது. பழைய கோப்பை அழிக்கவில்லை, பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எல்லா டிவியும் அந்தக் குறிப்பை மதிக்கும் என்று சொல்ல முடியாது, இது மதித்தது. தவிலில் நிறுத்தி அளந்தேன். 20க்கு 20.

பாட்டி வரும் இடத்துக்கு ஓட்டிக் கொடுத்தேன். அம்மா இந்த முறை எதுவும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், பீரோவிலிருந்து அந்த மஞ்சள் புடவையையே எடுத்துவந்தார். பாட்டி போன பிறகு அவர் வைத்துக்கொண்டது. மடிப்புக் கலையாமல் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். கையில் இருந்தது மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. திரையில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்தது, கரையின் சிவப்பு கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வழிந்திருந்தது. நிறத்தை நாலு படி கூட்டினால் மஞ்சள் பொருந்துகிறது, ஆனால் முகம் சிவந்துவிடுகிறது. விஎச்எஸ் கேசட்டில் நிறம் அவ்வளவு நுணுக்கமாகப் பதிவாவதில்லை, அந்த வழிசலை டிவியில் எந்தப் பட்டனாலும் துடைக்க முடியாது.

"புடவை இருக்கட்டும்" என்றார் அம்மா. "முகத்தை விட்டுடு, அது சரியா இருக்கு."

நிறத்தைப் பழைய எண்ணுக்கே இறக்கி வைத்தேன். அட்டையில் கடைசி வரியாக அந்த எண்ணையும், பக்கத்தில் 'கல்யாண வீடியோ, புதுக் கோப்பு' என்றும் எழுதினேன்.